சுத்தமான பதிவு

எனக்குக் காட்டெருமை என்றால் பயம். ஏற்காட்டுப் பக்கம் வாக்கப்பட்டு வந்தவள் இதைச் சொன்னால் யாரும் மதிக்க மாட்டார்கள். வெள்ளக்கடை என்ற ஊரில் எங்கள் காப்பித் தோட்டத்துக்குள் சாயங்காலமானால் அவை மேய வரும். பக்கத்து ஊட்டு மாடு வந்து போனதைச் சொல்வது மாதிரிதான் வீட்டில் அதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். நான் மட்டும் கதவைத் தாழ்போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன். என் கணவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இவ்வளவு பயந்தவளுக்குப் படிப்பு ஆசை மட்டும் விடவில்லை. கைக்குழந்தையை ஓரகத்தியிடம் விட்டுவிட்டு, பஸ் பிடித்து மலை இறங்கி, சேலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்துக்கொண்டிருந்தேன். ஓரகத்தி என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் மகளை என்னைவிட அவர்தான் அதிகம் தூக்கி வைத்திருந்தார்.

அந்தப் பருவத்தில் எங்களுக்கு மொழி ஆய்வுக்கான கணினிக் கருவிகள் என்று ஒரு பாடம். ஒருவரை ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை சொல்லவைத்துப் பதிவு செய்ய வேண்டும். பிறகு கணினியில் அந்தக் குரலை அலையாக விரித்து, சொல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கோடு போட வேண்டும். நான் முதலில் கொண்டுபோன பதிவில் குக்கர் விசில் இருந்தது, டிவி இருந்தது, என் மகளின் அழுகை இருந்தது. வகுப்பே சிரித்தது. "பதிவு சுத்தமா இருக்கணும்மா. பேசுறவங்க குரலைத் தவிர வேற எதுவும் கேட்கக் கூடாது" என்றார் மேடம். அவமானமாக இருந்தது. அடுத்ததை அப்பழுக்கில்லாமல் கொண்டுவந்து காட்டுகிறேன் பார் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

வீட்டில் அமைதி கிடைக்காது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அக்காவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போனேன். சாயங்காலத்துக்கு முன்னால் திரும்பிவிடலாம் என்பது என் கணக்கு. மிளகுக்கொடி ஏறிய ஒரு மரத்தின் கிளையில் சேலையைத் தூளியாகக் கட்டி, மகளைப் போட்டு ஆட்டினோம். கண் மூடிவிட்டாள்.

"இத்தன கிட்டத்துல இருந்தா சிணுங்குற சத்தம் உன்ற மிசினுல உளுந்துராதா கண்ணு?" என்று அக்கா கேட்டார். அவருக்கும் போன முறை வகுப்பு சிரித்த கதை தெரியும். அதனால் நாங்கள் இருவரும் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பாறையில் உட்கார்ந்தோம். தூளி கண்ணில் பட வேண்டும் என்று நான் அதைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தேன். அக்கா தூளிக்கு முதுகைக் காட்டி எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவைத் தொடங்கினேன். உடம்பின் உறுப்புகள்தான் அன்றைய பாடம். "கண்ணு. கண்ணு. கண்ணு," என்றார் அக்கா, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. கொஞ்ச நேரத்தில் அவர் குரலுக்கு அடியில் கனத்த இரைச்சல் ஒன்று கேட்டது. விட்டு விட்டு வந்தது. தூரத்தில் ஏதோ எஸ்டேட் ஜீப் மேடு ஏறுகிறது என்று நினைத்தேன். பதிவுக் கருவியில் அடி இரைச்சலை வடிகட்டுவதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினேன். சத்தம் சுத்தமாக நின்றுபோனது. எனக்கு ஒரே சந்தோஷம். குனிந்து கருவியின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தபோது தூளிக்குப் பக்கத்தில் அது நின்றது.

கறுப்பு உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை. தனி ஆண். தூளியைவிட அதன் தலை பெரிதாக இருந்தது. என் முகத்தைப் பார்த்த அக்கா மெல்லத் திரும்பிப் பார்த்தார். நான் எழப் போனேன். அவர் என் முழங்காலைப் பிடித்து அழுத்தினார்.

"ஓடாத சாமி. மெரண்டுச்சுன்னா முட்டிப்போடும். பேச்ச மட்டும் நிறுத்தக் கூடாது."

அது அங்கே வழக்கம்தான். தோட்டத்தில் அது எதிர்ப்பட்டால் யாரும் கத்துவதுமில்லை, பேச்சை அடக்குவதுமில்லை. ஆள் இருக்கிறது என்று அதற்குத் தெரியும்படி சாதாரணக் குரலில் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அக்காவுக்கும் அந்த நேரத்தில் பேச வேறு எதுவும் தோன்றவில்லை போலிருக்கிறது.

"மூக்கு. மூக்கு. மூக்கு," என்றார்.

ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினேன். அக்காவின் குரலைத் தவிர வேறு எதுவும் காதில் ஏறவில்லை. அது தூளியை முகர்ந்தது. தூளி அசைந்தது. என் பிள்ளை விழித்து வீரிட்டு அழுதால் அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். எழுந்திருக்காதே தங்கமே, எழுந்திருக்காதே என்று உள்ளுக்குள் கதறினேன்.

"தூங்கறா கண்ணு, தூங்கறா," என்று இடையில் முணுமுணுத்துவிட்டு அக்கா தொடர்ந்தார். "பல்லு. பல்லு. பல்லு."

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. காது, கழுத்து, தோள், கை என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் அது தலையைத் திருப்பி, அவசரமே இல்லாமல் செடிகளுக்குள் இறங்கிப் போனது. நான் ஓடிப்போய்க் குழந்தையை அள்ளி எடுத்தேன். வெடுக்கென்று எடுத்ததில் அவள் வீரிட்டு அழுதாள். தூளிச் சேலையின் ஒரு பக்கம் ஈரமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் அக்கா எழுந்திருக்கவே இல்லை. அதே பாறையில் உட்கார்ந்து, "முட்டி. முட்டி. முட்டி," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பதிவைத் திறக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஒப்படைக்கும் நாள் நெருங்கிவிட்டது. அக்கா நடுவில் பேசியதையும் கடைசியில் மகள் அழுததையும் மட்டும் வெட்டிவிட்டுக் கொண்டுபோனேன். ஆய்வகத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்ட மேடத்துக்கு ரொம்பத் திருப்தி. "எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க," என்று மற்றவர்களிடமும் காட்டினார். உண்மைதான். அது வந்ததோ நின்றதோ மூச்சு விட்டதோ அதில் எதுவுமே இல்லை. பொத்தான் எல்லாவற்றையும் துடைத்திருந்தது. மூக்கிலிருந்து அக்காவின் குரல் மட்டும் நடுங்கியது. "இதுக்கப்புறம் வர்றதெல்லாம் இன்னொரு தடவை எடுத்துருங்க," என்றார் மேடம். சரி என்று தலையாட்டினேன்.

அப்போதுதான் பல்லுக்கும் காதுக்கும் நடுவில் அலையில் ஒரு சின்ன நெளிவைப் பார்த்தேன். பெரிதாக்கி, சத்தத்தைக் கூட்டினேன்.

"ங்ங்ஆ."

என் மகள். அழுகை இல்லை. என்னைப் பார்த்தால் செய்வாளே, அந்தக் கொஞ்சல். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும், "ங்ஆ." மறுபடியும் இடைவெளி. பிறகு ஒரு சிரிப்பு.

இரண்டு பேர் பேசும்போது ஒருவர் நிறுத்தி மற்றவருக்கு வழிவிடுவார் என்று போன வாரம்தான் பாடம் நடத்தியிருந்தார்கள். என் மகள் நிறுத்தி நிறுத்தித்தான் பேசியிருக்கிறாள். நிறுத்திய இடத்திலெல்லாம் அதன் மூச்சு இருந்திருக்க வேண்டும்.

"குழந்தை யார்கூடவோ விளையாடுது போலிருக்கே? பக்கத்துல யாரு இருந்தாங்க?" என்று மேடம் கேட்டார்.

எழுந்து வெளியே வந்தேன். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"பாப்பா என்னக்கா பண்றா?"

"தூங்கறா கண்ணு. இப்பத்தான் தூளில போட்டேன்."

"கிட்டப் போயி முகத்தப் பாருங்கக்கா," என்றேன்.