சீசனில் கேட்ட லீவு

என் அப்பா வருஷத்தில் பத்து மாதம் குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். மீதி இரண்டு மாதம் பட்டாளக்காரர். இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. வேறு வேலையில் இருந்துகொண்டே வருஷா வருஷம் பயிற்சி முகாமுக்குப் போய் வருகிற பகுதி நேரப் பட்டாளம் ஒன்று இருக்கிறது. அழைப்பு வந்தால் முதலாளி லீவு கொடுக்க வேண்டும். திரும்பி வந்ததும் அதே வேலையையும் கொடுக்க வேண்டும். சட்டம் அப்படி.

"சட்டமா வந்து ரூமுக்கு ரூம் பெட்ஷீட் மாத்தும்?" என்பார் லாட்ஜ் முதலாளி. சொல்லிக்கொண்டே கையெழுத்தும் போட்டுவிடுவார். முகாம் எப்போதும் மாசி, பங்குனியில்தான் வரும். அருவியும் காய்ந்து, லாட்ஜும் காய்ந்து கிடக்கிற நேரம். மேனேஜர் இல்லாததைக் குரங்குகள்கூடக் கண்டுகொள்ளாது.

கடையநல்லூர்ப் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு அப்பா வளைகுடாவில் இருப்பார். எங்கள் வீட்டில் அம்மா குவைத்தில் நர்ஸ். அதனால் அப்பா முகாமுக்குக் கிளம்பினால் என்னை இலஞ்சியில் அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போவார். அத்தையைக் குறை சொன்னால் என் வாய் அழுகிப் போகும். தன் பிள்ளைகளுக்கு இரண்டு தோசை என்றால் எனக்கு மூன்று வைப்பார். அந்த மூன்றாவது தோசைதான் எனக்குப் பிடிக்காது. விருந்தாளிக்குத்தானே அப்படி வைப்பார்கள்? சாயங்காலம் மாமா வேலையிலிருந்து வந்ததும் அவருடைய பிள்ளைகள் இரண்டும் முதுகில் ஏறிக்கொள்ளும். நான் எழுதி முடித்த வீட்டுப்பாடத்தை மறுபடியும் எழுதிக்கொண்டிருப்பேன். ஆறு மணிக்கு அப்பா முகாமிலிருந்து போன் பண்ணுவார். பத்து நிமிடம் பேசுவார். அது முடிந்ததும் அடுத்த நாள் ஆறு மணி எப்போது வரும் என்று இருக்கும்.

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது முகாம் ஜூன் மாதத்தில் வந்தது. மலையில் சாரல் தொடங்கி, அருவியில் கூட்டம் முண்டியடிக்கிற சமயம். சீசனில் லாட்ஜ்காரர்கள் யாரும் லீவு என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள். சொந்தத் தம்பி கல்யாணத்தையே ஆவணிக்குத் தள்ளி வைப்பார்கள். அப்பாவோ அறுபது நாள் கேட்டார். அந்த முகாமை முடித்தால் பதவி உயர்ந்து, சட்டைக் கையில் அவருக்கு இரண்டாவது பட்டை. ஒரு பட்டை இருந்த சட்டையையே துணி மடிக்கும்போது என்னைத் தொட விடமாட்டார். ஆனால் எனக்கு என் கவலை. மற்ற வருஷங்களில் சீசன் சமயத்தில் அம்மா ஊருக்கு வருவார். அந்த வருஷம் அம்மாவுக்கும் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவும் இல்லாமல், அப்பாவும் இல்லாமல், மறுபடியும் மூன்று தோசை.

லீவுப் படிவம் ஒரு வாரமாக முதலாளியின் மேசையில் கிடந்தது. சனிக்கிழமை அப்பா என்னையும் லாட்ஜுக்குக் கூட்டிப் போனார். மாடியில் ஒரு குடும்பம் வெந்நீர் வரவில்லை என்று சத்தம் போட்டது. அப்பா சமாதானம் செய்ய ஓடினார். முதலாளி படிவத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

"ஒங்கப்பன் நெனச்சா நெனச்சதுதான். போயிட்டு வரட்டும், நானே சமாளிச்சுக்கிடுதேன்" என்றார்.

"அப்பாவுக்குப் போக இஷ்டமே இல்ல மாமா" என்றேன். "நீங்க லீவு தராட்டா நல்லதுன்னு வீட்ல சொன்னாங்க."

இவ்வளவு நேர்த்தியான பொய்யை அதற்கு முன்னும் பின்னும் நான் சொன்னதில்லை. முதலாளி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். அப்பா இறங்கி வருவதற்குள் நான் வாசலுக்கு ஓடி, குரங்குகளை வேடிக்கை பார்க்கிறவள்போல நின்றுகொண்டேன்.

அப்பா முகாமுக்குப் போகவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அந்த சீசன் வெளுத்து வாங்கியது. நான் எழுந்திருக்கும் முன்பே அப்பா போய்விடுவார், தூங்கிய பிறகு வருவார். பக்கத்து வீட்டு அக்கா சோறு போட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விடுவார். தென்காசியில் எங்கள் வீட்டு நடையில் உட்கார்ந்து மலையை மூடியிருக்கிற மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆறு மணிக்கு நானே அப்பாவுக்குப் போன் பண்ணுவேன். "மக்கா, ரூம் கேட்டு பார்ட்டி நிக்காங்க. பொறவு பேசுதேன்" என்று வைத்துவிடுவார். எங்கோ முகாமிலிருந்து பத்து நிமிடம் பேசியவர், நாலு மைல் தள்ளி இருந்துகொண்டு அரை நிமிடம் பேசவில்லை. அத்தை வீட்டிலாவது சத்தம் இருந்தது. அப்பாவைப் பட்டாளத்திடமிருந்து பிடுங்கி லாட்ஜுக்குக் கொடுத்திருந்தேன். அதைச் சொல்லி அழவும் ஆளில்லை.

ஆவணியில் அப்பா தன் இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அவருடைய பட்டாள ஆபீஸ் இருக்கிற கோயம்புத்தூருக்குப் போனார். மறுநாளே வந்துவிட்டார். பெட்டி காலியாக இருந்தது.

"உடுப்பெல்லாம் எங்கப்பா?"

"ஒப்படைச்சிட்டேன். இனிமே போவாண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்."

மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமே என்று, "மொதலாளி லீவு தராததுனாலயாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். "ஆமாட்டி, அவருதான் தரலயே" என்றார். பிறகு, "சாப்ட்டியா?" என்று கேட்டார்.

போன மாதம் என் கல்யாணப் பத்திரிகை கொடுக்க முதலாளி வீட்டுக்குப் போயிருந்தேன். வயதாகிவிட்டது, பேச்சு மட்டும் குறையவில்லை. பழைய கதை பேசும்போது அவராகவே சொன்னார்.

"ஒங்கப்பன் பட்டாளத்த விட்டதுக்கு ஊரே என்னைத்தான் ஏசிச்சு. அவனுக்கே இஷ்டமில்லங்கது யாருக்குத் தெரியும்? நீ சொன்ன அன்னைக்கே, மாடியிலேர்ந்து எறங்கி வந்தவன்கிட்ட கேட்டுட்டேன். 'போவ இஷ்டமில்லன்னு வீட்ல சொன்னியாமே, பிள்ள சொல்லுதா'ன்னேன். வாசல்ல நின்ன ஒன்னையப் பாத்தான். பொறவு, 'ஆமா அண்ணாச்சி, சொன்னேன்'ன்னான். இல்லேன்னா அன்னைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேம்லா."

கையில் இருந்த காப்பியைக் கீழே வைத்தேன். சட்டம் அப்பா பக்கம் இருந்தது. முதலாளியும் மனம் இறங்கியிருந்தார். பிள்ளை பொய் சொல்கிறாள் என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டாவது பட்டை அவர் கைக்கு வந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை மொபெட்டில் வீடு திரும்பும்போது அப்பாவின் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு வந்தேன். வழி நெடுக அவர் ஒன்றும் பேசவில்லை. லீவு கிடைக்காத வருத்தம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.