பேச்சியின் கல்

போன ஞாயிறு காலை பத்தேகால் மணி. கொடைக்கானலில் தூறல். பழைய மார்க்கெட் கட்டடத்து வாசலில் வெள்ளகவி கிராமத்து மூக்கம்மா நிற்கிறார் – தலையில் ஆரஞ்சுப் பழக் கூடையோடு.

காக்கிச் சட்டை போட்ட காவல்காரர் கையை நீட்டி மறிக்கிறார். "பெர்மிட் இருக்கா?"

"ஏலே, கூடைய எறக்கி வைக்கவா பெர்மிட்டு கேக்குற?"

விஷயம் இதுதான். கட்டடத்தை ஓர் ஓட்டல்காரர் குத்தகைக்கு எடுத்துவிட்டார். உள்ளே இப்போது பெர்மிட் ரூம். மதுவிலக்கு ராஜ்யத்தில் அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர்கள் சட்டப்படி குடிக்கலாம். குடிக்கட்டும். என் கோபம் அதன் மேல் இல்லை. வாசலில் நின்ற சுமைதாங்கி எங்கே?

வெள்ளகவிக்கு ரோடு கிடையாது. செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் ஏறி வருகிறவர், இன்னோர் ஆள் கைகொடுக்காமலே சுமையை இறக்கத்தான் தலை உயரத்தில் அந்தக் கல். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நிறுத்துவது. இந்தக் கல்லில் பெயர், வருடம், மாதம், தேதி எல்லாம் வெட்டியிருக்கும். என் நோட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். பெயர் பேச்சி. ஞாயிற்றுச் சந்தைக்கு வரும் வழியில் இறந்தவள். மூக்கம்மாவின் அக்கா.

எனக்கும் பெர்மிட் இல்லை. காவல்காரர் கையை விலக்கிவிட்டு மூக்கம்மாவும் நானுமாக உள்ளே போனோம்.

கல் அங்கே கிடந்தது... பார் கவுண்டராக! பேச்சியின் பெயர் மேல் நாலு கிளாஸ், ஒரு சோடா பாட்டில்.

"பழைய கல்லு சார். கெஸ்ட்டுங்க ரொம்ப ரசிக்கிறாங்க" என்றார் கோட்டுப் போட்ட மானேஜர்.

"அதில் எழுதியிருப்பதைப் படித்தீர்களா?"

"ஏதோ டிசைன்னு நெனச்சேன் சார்."

டிசைனாம்! தமிழில், விரல் நீள எழுத்தில், ஒரு பெண்ணின் சாவு – அது டிசைன். மூக்கம்மா கவுண்டரை நெருங்கினார்.

"தம்பி, கிளாச எடுங்க. கழுத்து இத்துப்போகுது. எங்கக்கா மேலதான் எறக்குவேன்."

மானேஜர் என்னைப் பார்த்தார். நான் சோடா பாட்டிலை எடுத்தேன். அவர் கிளாஸ்களை எடுத்தார்.

ஆனால் கவுண்டருக்காகக் கல்லை மார்பு உயரத்துக்குத் தணித்திருந்தார்களே... தனியாக எப்படி இறக்குவது?

"சும்மா பாத்துட்டு நிக்காதீங்க தம்பி, வெரசா ஒரு பக்கம் பிடிங்க."

மானேஜர் பிடித்தார். நனைந்த கூடை சொட்டி அவர் கோட்டெல்லாம் ஈரம்.

கல்லைப் பெயர்த்தவர் சுமையையும் தாங்கட்டும் – ஞாயிறுதோறும்!