திரும்பி வரும் வழிக்கு ஒரு பூட்டு

விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு டில்லிபாபுவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. திட்டத்தான் என்று நினைத்து எடுக்காமல் விட்டேன். மறுபடி அடித்தது. பேசியது அவன் மனைவி சொர்ணம். தூக்கத்திலேயே போய்விட்டானாம். அவன் போனுக்குப் பூட்டு கிடையாது. அதனால்தான் அவளால் உடனே என்னைக் கூப்பிட முடிந்தது. "எங்கிட்ட இன்னா கீது மச்சி, எவனாவது தூக்கினு போக?" என்பான். வண்டிச் சாவியைக்கூட வண்டியிலேயே விட்டுவிட்டு மாடி ஏறுவான்.

அடுத்தவர் பூட்டு விஷயத்தில் மட்டும் அவனோடு மல்லுக்கட்ட முடியாது. மயிலாப்பூரில் ஒரு துணிக்கடை மாடியில் நானும் அவனும் சின்னக் கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுத்துவந்தோம். பஜ்ஜி எண்ணெய் விரலோடு கீபோர்டைத் தட்டுவான். வழியில் யாரும் ஒட்டுப்பார்க்க முடியாது என்பதற்கு அடையாளமாக இணைய முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுச் சின்னம் இல்லாத தளம் எதைக் கண்டாலும் நாக்கால் 'ச்சொ' கொட்டுவான். காலை முதல் மாலை வரை அந்தச் 'ச்சொ'வைக் கேட்டுக்கொண்டு வேலை பார்த்தால்தான் தெரியும்.

கடைசியாக அவனிடம் மாட்டியவர் சாய்நாத் மாமா. கல்யாண வரன் பார்க்கும் தளம் நடத்துகிறவர். பெண்களின் படம், ஜாதகம், வீட்டுத் தொலைபேசி எண் எல்லாம் அதில் உண்டு. தனியாகக் கடவுச்சொல் வைக்கச் சொன்னால் பெற்றோர் குழம்புகிறார்கள், இருக்கிற மின்னஞ்சல் கணக்கை வைத்தே உள்ளே நுழைய ஒரு பட்டன் வேண்டும் என்றார். டில்லிபாபு செய்துவிட்டான். ஆனால் மாமாவின் தளத்துக்குப் பூட்டு இல்லை என்று அதைத் திறந்துவிட மறுத்தான்.

"அதான் பட்டனை அழுத்தினா பூட்டு தெரியறதே! நானே பார்த்தேன். இன்னும் என்ன சொல்லிண்டிருக்கேள்?"

"அது மெயில்காரன் வூட்டு பூட்டு மாமா. 'இவர் இன்னார்தான்'னு அவன் ஒரு சீட்டு குடுத்து அனுப்புறான். அத்த எடுத்துகினு உன் வூட்டுக்குத் திரும்பி வர்ற வழி தொறந்து கீது. டீக்கடை வைஃபைல குந்திகினு எவனாவது அந்தச் சீட்டப் புடிச்சான்னா, பொண்ணோட அப்பன் மாரி உள்ள பூந்துடுவான்."

"ஒரு வாரம் திறந்து வையுங்கோளேன். யார் வரப்போறா?"

"மொதல்ல உன் பொண்ணு படத்தப் போடு, தொறக்கிறேன்."

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். பின்னாலேயே ஓடி மன்னிப்புக் கேட்டது நான்.

பூட்டுக்குச் செலவுகூட இல்லை. தளம் இருக்கும் சர்வரின் கணக்கு, பெங்களூரில் இருக்கும் மாமாவின் மருமான் பெயரில் இருந்தது. அவர் உள்ளே போய் ஒருமுறை அனுமதி கொடுத்தால் போதும். எப்போது கேட்டாலும் "மீட்டிங்" என்று ஒரே பதில். டில்லிபாபுவும் விடமாட்டான். "நைனா, மீட்டிங்லயே குடும்பம் நடத்துறியா?" அதற்கும் மன்னிப்பு நான்தான் கேட்டேன். அவன்மேல் இருந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. இனி யாரிடம் போய்க் கத்துவது?

சிந்தாதிரிப்பேட்டையில் அவனை எடுப்பதற்காகக் காத்திருந்தபோது மாமா கூப்பிட்டார். பாவம், உண்மையாகவே குரல் தழுதழுத்தது. மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "பட்டனை நீங்களாவது திறந்து விடுங்கோ. முகூர்த்த மாசம் போயிண்டிருக்கு."

அவன் கணினிக்கும் கடவுச்சொல் கிடையாது. இன்று திறந்து பார்த்தேன். மருமானுக்கு எழுத ஆரம்பித்திருந்த செய்தி "நைனா" என்பதோடு நின்றிருந்தது. மீதியை எழுதி அனுப்பினேன். "மீட்டிங்" என்று பதில் வந்தது.

பட்டன் மூடியே இருக்கிறது.