ஐம்பதாவது ராத்திரி

2006 டிசம்பர் 28, வியாழக்கிழமை, இரவு. எழும்பூர்.

ஐம்பதுக்கு மூன்று குறைந்தது. அந்த மூன்றைப் பிடிக்கத்தான் திண்டுக்கல்லுக்கு ரயில் ஏறினேன்.

சொட்டுநீர்ப் பாசனக் குழாய் விற்கும் கம்பெனியில் எனக்கு வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியூர். பதினோரு ஊர்களில் கிளை வைத்திருந்த ஓர் ஓட்டல் குழுமம் அடிக்கடி தங்குகிறவர்களுக்கு அட்டை கொடுத்தது. வெள்ளி, தங்கம், வைரம் என்று மூன்று படி. ஓர் ஆண்டுக்குள் ஐம்பது ராத்திரி தங்கினால் வைரம். டிசம்பர் முப்பத்தொன்றோடு கணக்கு முடிந்து, மறுநாள் பூஜ்யத்திலிருந்து ஆரம்பமாகும். என்னிடம் நாற்பத்தேழு இருந்தது. கம்பெனி டூர் முடிந்துவிட்டதால் மீதி மூன்றும் என் சொந்தக் காசு. பதினோரு ஊரிலும் திண்டுக்கல்லில்தான் வாடகை குறைவு, நாளுக்கு 1,200 ரூபாய்.

வைர அட்டைக்காரருக்கு என்ன கிடைக்கும் என்று வாசகர் கேட்பார். காலைச் சாப்பாடு இலவசம். காலியிருந்தால் பெரிய அறை. பகல் பன்னிரண்டுக்குக் காலி செய்வதற்குப் பதில் மாலை நான்கு வரை இருக்கலாம். அவ்வளவுதான். என் மனைவியும் இதைத்தான் கேட்டாள். "நம்ம வீட்டுலயும் கட்டில் இருக்கே" என்றாள். அவளுக்கு ஹைதராபாத்தில் நடந்தது தெரியாது. அங்கே வரவேற்பு மேசை முன்னால் பெட்டியோடு அரைமணி நேரம் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வந்த ஒருவர் அட்டையைக் காட்டினார். மேலாளரே எழுந்து வந்து, பேர் சொல்லி அழைத்து, அவரைக் கூட்டிப் போனார். அன்றைக்கு எனக்குள் புகுந்தது ஒரு வருஷம் ஆகியும் இறங்கவில்லை.

திண்டுக்கல்லைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் அக்கா செல்வமேரி சித்தையன்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி வழியாக இருபது கிலோமீட்டர். அவள் மகள் ஜெனிட்டாவுக்கு ஜனவரி ஒன்றாம் தேதி நிச்சயதார்த்தம். அன்று காலை மனைவி, மகளோடு நேராக ரயிலில் வந்துவிடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். மூன்று நாள் முன்பே பக்கத்தில் வந்து படுத்துக் கிடப்பேன் என்பதைச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவள் வீடு கூப்பிடு தூரத்தில் இருக்க, ஒருவன் லாட்ஜில் தங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எனக்கு இது தெரியாததல்ல. யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

டிசம்பர் 29, காலை 5.20. திண்டுக்கல்.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய் பேசினேன். ஓட்டுநர் பேச்சுக்காரர்.

"ஊருல சொந்தக்காரங்க யாரும் இல்லையாண்ணே?"

"இல்ல."

"சும்மா கேட்டேன். செத்த நேரம் சும்மா இருக்க முடியல. குளிர் கொல்லுது."

ஓட்டல் மதுரைச் சாலையில் இருந்தது. வரவேற்பில் கலைச்செல்வி என்ற பெண் கணினியைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள். "இன்னும் மூணே நைட் சார்! உங்களுக்கு 207 போட்டிருக்கேன். மலை தெரியும்" என்றாள். கனத்த பித்தளைத் தகட்டில் கோத்த சாவியைக் கொடுத்தாள். விடிந்ததும் ஜன்னலைத் திறந்தால் கோட்டைப் பாறை வழுக்கை மண்டையாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிடம் பார்த்தேன். அப்புறம் என்ன செய்வது?

வேலையில்லாமல் ஓட்டலில் தங்கிப் பார்த்தவருக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். டிவியில் சேனலை இருபது தரம் மாற்றினேன். கீழே போய் 45 ரூபாய்க்குத் தோசை சாப்பிட்டு மேலே வந்தேன். பத்து மணிக்குப் பாறை ஏறினேன், பதினொன்றுக்கு இறங்கினேன். மதியம் அறுபது ரூபாய்க்குப் பிரியாணி. கடைத்தெருப் பக்கம் போக பயம், அக்கா வீட்டுக்காரர் பூ மார்க்கெட்டுக்கு வருகிறவர். கோயிலுக்குப் போக அதைவிட பயம், அங்கே பாதிப்பேர் உறவு. செம்பட்டி பஸ் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டேன். என் சொந்தக் காசில், என் சொந்த ஜில்லாவில், திருடன் மாதிரி நடந்தேன். இரவு மெத்தை நன்றாகத்தான் இருந்தது, தூக்கம்தான் வரவில்லை. நாற்பத்தெட்டு.

டிசம்பர் 30, பகல் 1.15. ஓட்டல் முகப்பு.

சாப்பிட இறங்கியவன் படியிலேயே நின்றுவிட்டேன். வாசலில் கல்யாண வரவேற்புக்கு வைக்கும் கறுப்புப் பலகை. அதில் வெள்ளை எழுத்துகளைக் குத்தி, "எங்கள் மதிப்புக்குரிய விருந்தினர் திரு. எஸ். இக்னேசியஸ், சென்னை அவர்களை வரவேற்கிறோம்" என்று நிறுத்தியிருந்தார்கள்.

"எப்பிடி சார் இருக்கு?" என்றாள் கலைச்செல்வி.

சொல்லவே வெட்கம், நன்றாகத்தான் இருந்தது. ஒரு நிமிடம் நின்று இரண்டு தரம் படித்தேன். பிறகுதான் பலகைக்கு அந்தப்புறம் இன்னொருவரும் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். வெள்ளை வேட்டி, கையில் பட்டுப்புடவைக் கடைப் பை.

"ஏனுங்க, நீங்க சித்தையன்கோட்டை செல்வமேரியம்மா தம்பிங்களா? போட்டோவுல பாத்திருக்கேனுங்க. நான் அந்தோணிசாமி, ஒட்டன்சத்திரத்துல காய்கறி மண்டி. மாப்பிள்ளையோட அப்பா."

நிச்சயதார்த்தப் புடவை எடுக்க வந்தவர்கள் சாப்பிட நுழைந்திருக்கிறார்கள். அவர் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், என் கையில் இருந்த சாவியைப் பார்த்தார்.

"இங்கீங்களா தங்கியிருக்கீங்க?"

"கம்பெனி வேலைங்க" என்றேன்.

"சரிங்க, சரிங்க" என்றார். அந்த இரண்டாவது சரிங்க எனக்குப் பிடிக்கவில்லை. அன்று இரவும் தூங்கவில்லை. நாற்பத்தொன்பது.

டிசம்பர் 31, ஞாயிறு, காலை 10.30.

அறைத் தொலைபேசி அடித்தது. "சார், உங்க சிஸ்டர் வந்திருக்காங்க."

அக்கா வரவேற்பறைச் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பூசை முடிந்து நேரே வந்திருக்கிறாள், முக்காடு இன்னும் தோளில் கிடந்தது. மச்சான் சவரிமுத்து பலகையின் முன் நின்று எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, என்னைக்கு வந்த?"

"முந்தாநாள்."

"காலைல அந்தோணிசாமி அண்ணன் போன் போட்டாரு. 'ஏனுங்கம்மா, தம்பிக்கும் உங்களுக்கும் ஏதாச்சும் வருத்தமுங்களா'ன்னு கேட்டாரு. நான் என்ன சொல்ல? என் தம்பி மெட்ராசுல இருக்கான்னு சொன்னேன். அவரு சிரிக்கிறாரு. இன்னைக்கி நாலு மணிக்கு நேர்ல வந்து பேசுறாராம். தாய்மாமனே ஒட்டாத வீட்டுல பொண்ணு எடுக்கவான்னு அவுக வீட்டுப் பொம்பளைக பேச்சாம்." அவள் குரல் இறங்கியது. "நாளைக்கு நிச்சயம்லே. ஜெனிட்டா காலைலருந்து ஒரு வாய் சாப்பிடல."

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். பர்ஸிலிருந்து தங்க அட்டையை எடுத்துக் காட்டினேன். அக்கா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத வச்சு என்ன செய்யலாம்?"

"வைரம் ஆயிட்டா சாயந்தரம் நாலு மணி வரைக்கும் ரூம்ல இருக்கலாம்க்கா."

மச்சான் திரும்பினார். "நம்ம வீட்டுல நாலு மாசம் இருந்தாலும் கேக்க ஆளில்லையே மாப்ள."

அக்கா சிரிக்கவில்லை. "கிளம்பு" என்றாள்.

கிளம்பினேன். ஆனால் முழுசாகக் கிளம்பவில்லை. வாடகை கட்டியிருந்தது. அறையை அப்படியே விட்டுவிட்டுப் போனால் ராத்திரி கணக்கில் ஏறிவிடும் அல்லவா? பெட்டியை 207-லேயே விட்டேன். சாவியைக் கவுண்ட்டரில் கொடுக்காமல் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். செம்பட்டிக்கு பஸ் கட்டணம் ஆறு ரூபாய். வழியெல்லாம் தென்னந்தோப்பும் சம்பங்கித் தோட்டமுமாக ஓடியது. அந்தப் பித்தளைத் தகடு தொடையில் இடித்துக்கொண்டே வந்தது.

மாலை 4.00. சித்தையன்கோட்டை.

கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் வாசலில் தொங்கியது. அந்தோணிசாமி, அவர் மனைவி, தம்பி என்று மூன்று பேர் காரில் வந்தார்கள். நான் முன்னால் போய் வரவேற்றேன். குறுநகையோடு உட்கார்ந்தார்கள்.

"எப்பங்க வந்தீங்க இங்க?" என்றார் அந்தோணிசாமி.

"மத்தியானமே வந்துட்டேன்."

"பெட்டியெல்லாம்?"

எனக்குப் பொசுக்கென்று வியர்த்தது. கைக்குட்டையை உருவினேன். சாவியும் கூடவே வந்தது. பித்தளைத் தகடு சிமெண்ட் தரையில் விழுந்து, உருண்டு, அவர் காலடியில் போய் 207 என்ற எண் மேலே தெரியப் படுத்துக்கொண்டது.

அக்கா காப்பித் தட்டோடு கதவருகே நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். கோபமாயிருந்தால் தாங்கியிருப்பேன். யாரோ நாலு பேர் முன்னால் தன்னை அடித்துவிட்டது மாதிரி நின்றாள்.

குனிந்து சாவியை எடுத்தேன். அந்தோணிசாமி கையிலேயே வைத்தேன்.

"இது உங்களுக்குத்தான்" என்றேன். "ராத்திரி புத்தாண்டுப் பூசை முடிச்சு, காலைல மறுபடியும் ஒட்டன்சத்திரத்துலருந்து அம்புட்டுத் தூரம் எதுக்கு அலையணும்? மாப்பிள்ளை வீட்டாருக்கு ரூம் போடுறது பொண்ணு வீட்டுக் கடமை இல்லையா? மாமன்காரன் நான் பொறுப்பு எடுத்துக்கிட்டேன். திண்டுக்கல் தண்ணிக் கஷ்டம் ஊரறிஞ்சது. அதான் ரெண்டு நாளா நானே படுத்துப் பாத்தேன், குழாயில தண்ணி வருதா, மெத்தையில மூட்டைப்பூச்சி இருக்கான்னு. நேத்தே சொல்லலாம்னா, அக்காகிட்டகூட இன்னும் சொல்லலை."

எங்கிருந்து வந்தது இந்தப் பேச்சு என்று எனக்கே தெரியாது. குழாய் விற்கிறவனுக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

"ரெண்டு நாளு படுத்துப் பாத்தீங்களா!" அந்தோணிசாமி மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா? நீ என்னென்னமோ சொன்னே. இப்படி ஒரு தாய்மாமன எங்க பக்கம் பாத்ததில்லீங்க." அந்த அம்மாள் தலை குனிந்து, காப்பியை எடுத்துக்கொண்டார். அக்கா தட்டை அடுத்தவரிடம் நீட்டினாள்.

மாலை 6.40. மீண்டும் ஓட்டல்.

அவர்கள் காரிலேயே வந்தேன். என் பெட்டியைக் கீழே இறக்கினார்கள், அவர்கள் மேலே போனார்கள். கலைச்செல்வி பதிவேட்டில் அந்தோணிசாமியின் கையெழுத்தை வாங்கியிருந்தாள். என்னைப் பார்க்கும்போது அவளுக்கே வருத்தம்.

"யார் தங்குறாங்களோ அவங்க பேர்லதான் சார் நைட் ஏறும். உங்களுக்கு நாப்பத்தொம்பதுல நிக்குது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "112 காலியா இருக்கு சார். இப்பவே போட்டுடலாம்."

மாடிப்படியில் யாரும் இல்லை. 1,200 ரூபாய். அறையைப் போட்டுவிட்டு, அக்கா வீட்டுக்கே போய்ப் படுத்துக்கொள்ளலாம், ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. கை பர்ஸுக்குள் போய்விட்டது. போன கையை வெளியே எடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்ல மாட்டேன். தட்டோடு நின்ற அக்காவின் முகம் நினைவுக்கு வந்ததால்தான் அது வந்தது. "வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு 7.15 பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்.

அக்கா வீட்டில் சோறும் அவரைக்காய் வெஞ்சனமும் இருந்தது. ஜெனிட்டாவும் உட்கார்ந்து சாப்பிட்டாள். பாயை விரித்துத் தலையணை போடும்போது அக்கா மெதுவாகக் கேட்டாள்: "நல்லாத்தான் புளுகுற. எனக்காகச் சொன்னியா, மாட்டிக்கிட்டமேன்னு சொன்னியா?"

இரண்டும்தான் என்றேன். "அந்த ஓட்டல்காரனுக்கு மூணு ராத்திரி ஒதுக்கியிருக்க. எனக்கு ஒதுக்கத் தோணலையே" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள். புத்தாண்டுப் பூசைக்கு எழுப்பினார்கள், போய் வந்தேன், மறுபடி படுத்தேன். விடிந்து எட்டு மணிவரை அசையவில்லை. மூன்று நாளில் அதுதான் தூக்கம்.

2007 ஜனவரி 1.

மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். பதினொரு மணிக்கு நிச்சயதார்த்தம் நன்றாக முடிந்தது. குழாயில் தண்ணீர் பிரமாதம் என்று அந்தோணிசாமி எல்லாரிடமும் சொன்னார். டிக்கெட் முன்பே எடுத்திருந்ததால் அன்று இரவே ரயிலேறினோம். அக்கா, இன்னும் ஒரு நாள் இரு என்று சொல்லவில்லை. சொல்லாதது உறுத்தியது.

செலவைக் கேட்கும் வாசகருக்கு: வாடகை 3,600, ரயில், பஸ், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஐயாயிரத்தைத் தொட்டது. கம்பெனி செலவில் ஏறுகிற ராத்திரி ஏறட்டும், அதில் தப்பில்லை. கடைசி மூன்றைக் கைக்காசு போட்டுத் துரத்தாதீர்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்பது வேறு விஷயம், ஓட்டல் வாசலில் கறுப்புப் பலகையைக் கண்டால் இன்றும் என் கால் நின்றுவிடுகிறது.

மே மாதம் கல்யாணம். மனைவி, மகளை அழைத்துக்கொண்டு நான்கு நாள் முன்னதாகவே போனேன். அந்தோணிசாமி பந்தலுக்கு வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு புத்தம்புது அட்டையை எடுத்து நீட்டினார். "எனக்கும் ஒண்ணு குடுத்தாங்க. ஒரு ராத்திரி ஏறியிருக்குதுங்க" என்றார். என் ஐம்பதாவது ராத்திரியை அவர் அட்டையில் பார்த்தேன். வாழ்த்துச் சொன்னேன்.

போய் இறங்கிய அன்றைக்கு வாசலிலேயே அக்கா என் பெட்டியைத்தான் முதலில் பார்த்தாள். கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

"எத்தன ராத்திரிலே?"

"நாலுக்கா."

"அப்ப அம்பதுக்கு இன்னும் நாப்பத்தாறு இருக்கு."