வாளையாருக்கு முன்பே நின்ற கார்

என் பழைய காரில் பெட்ரோல் முள் வேலை செய்யாது. அதனால் ஸ்டியரிங்குக்கு அடியில் செருகும் மைலேஜ் கருவி ஒன்றை வாங்கி மாட்டினேன். டேங்க் நிரப்பியதும் எத்தனை லிட்டர் என்று பதிந்தால், இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று காட்டும். நான் பயந்த சுபாவம். அதையே பார்த்துப் பார்த்து ஓட்டுவேன்.

கேரளத்தில் எங்கள் ஊரான எலப்புள்ளியில் பலரும் விலை குறைவென்று வாளையார் எல்லை தாண்டித் தமிழ்நாட்டில்தான் டேங்கை நிரப்புவோம். இடையில் அவசரத்துக்கு ஊரில் போடும் இரண்டு மூன்று லிட்டரை நான் பதிந்ததே இல்லை. அதில் ஓடிய தூரமும் பதிந்த லிட்டரின் கணக்கில் சேர, கார் நிறைய மைலேஜ் தருவதாகக் கருவி நம்பிவிட்டது. நானும் நம்பினேன்.

மகளுக்குப் பிரசவ வலி வந்து கோவைக்குக் கிளம்பினோம். அந்த முறை ஊரில் ஒரு சொட்டும் போட்டிருக்கவில்லை. இன்னும் நாற்பது கிலோமீட்டர் ஓடும் என்று கருவி காட்டிக்கொண்டிருந்தபோதே கார், வாளையாருக்கு முன்பே லாரிகளுக்கு நடுவில் நின்றது.

"ஏனுங்க, அந்தப் பொட்டி இன்னும் ஓடும்னுதானுங்களே சொல்லுது?" என்றாள் மனைவி.

மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்பா, அதையே எறங்கித் தள்ளச் சொல்லுங்க" என்றாள்.

ஓர் ஆட்டோவை மறித்து இருவரையும் அனுப்பினேன்.

இப்போது அரை லிட்டர் போட்டாலும் பதிகிறேன். விலை கூடினாலும் ஊரிலேயே ஒரே பெட்ரோல் பங்க்கில், குழாய் தானாக நிற்கும்வரை நிரப்புகிறேன். பேத்தி நலம். அவள் பிறந்த நேரத்தில் நான் பெட்ரோல் கேனோடு ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன்.