அளவுக்கு ஒரு நாற்காலி

நந்தினி பிரிட்ஜைச் சுற்றி வருகிறாள். பிரிட்ஜ் அவள் கையிலிருக்கும் போனுக்குள் நிற்கிறது. மீஞ்சூர் வீட்டுக் கூடத்தில் இருப்பது வெறும் தரை. ஆனாலும் அதன் மூலையில் இடித்துக்கொள்ளாமல் ஒதுங்கி நடக்கிறாள். ஒரு விரலால் கதவைத் திறக்கிறாள். உள்ளே விளக்கு எரிகிறது. தக்காளிகூட அடுக்கியிருக்கிறது. "சூப்பரா கீது இல்ல?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு வீடியோவை நிறுத்துகிறாள்.

எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சர்க்யூட் போர்டு சோதித்துக்கொண்டிருந்தாள். இப்போது லிங்க் அனுப்புகிறாள். லிங்க்கைத் தொட்டால் போனில் கேமரா திறக்கும். சோபாவோ வாஷிங் மெஷினோ பார்ப்பவர் வீட்டிலேயே அசல் அளவில் வந்து நிற்கும். திருப்பலாம், திறக்கலாம், நிறம் மாற்றலாம். பிடித்துப்போய் வாங்கினால் நந்தினிக்குக் கமிஷன். இதைக் கண்டுபிடித்த புத்திசாலிகள், பிடித்துப்போனால் ஆட்கள் வாங்குவார்கள் என்று நினைத்துவிட்டார்கள். மீஞ்சூரில் பிடித்துப்போனால் ஸ்கிரீன்ஷாட் எடுப்பார்கள்.

பின்தெரு அஞ்சம்மாள் மகனுக்குப் பெண் தேடுகிறாள். சமையலறையில் இரட்டைக் கதவு பிரிட்ஜ், கூடத்தில் மூலை சோபா, சுவர் நிறைய டிவி. எல்லாவற்றையும் லிங்க் வழியாக நிறுத்திப் படம் பிடித்து, வேப்பம்பட்டுப் பெண் வீட்டாருக்கு அனுப்பிவைத்தாள். அவர்கள் விவரமானவர்கள். பிரிட்ஜுக்கு வயர் எங்கே என்று கேட்டுவிட்டார்கள். அஞ்சம்மாள் நேராக நந்தினி வீட்டுக்கு வந்தாள்.

"இன்னாமா லிங்க் அனுப்புன நீ? வயரு இல்லாத பிரிட்ஜக் குடுத்து மானத்த வாங்கிட்டியே!"

"கடையில வாங்குனா வயரோட வரும், பெரீம்மா."

"வாங்கறதுக்கா அனுப்புன? மின்னாடியே சொல்ல மாட்ட?"

அடுத்த நாள் முதல் நந்தினியின் லிங்க்கோடு ஒரு வரி சேர்ந்தது: 'சுவரை ஒட்டி நிறுத்திப் பார்க்கவும்.' வாடிக்கையாளர் சேவையில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

அவளுடைய எல்லா வீடியோவிலும் ஓரத்தில் ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலி நிற்கும். அப்பா மணவாளனுடையது. உருக்காலையில் ஃபிட்டராக இருந்தவர். கைப்பிடி விரிசல் விட்டபோது, இருபக்கமும் துளை போட்டுக் கட்டுக்கம்பியால் தைத்தார். அந்தத் தையல் இன்னும் விடவில்லை. போட்டவர் கார்த்திகையில் போய்விட்டார்.

"அந்தச் சேரு இன்னாத்துக்கு?" என்று கேட்பவர்களுக்கு நந்தினியிடம் பதில் இருக்கிறது: "அளவுக்கு." பளபளக்கிற டைல்ஸில் கேமரா தரையைத் தப்பாகக் கணித்து, சோபாவைப் பொம்மையாக்கிவிடும். உயரம் தெரிந்த பொருள் ஒன்று பக்கத்தில் இருந்தால் சரிபார்க்கலாம். உண்மைதான். ஒரு முக்காலியை வைத்தும் சரிபார்க்கலாம் என்பதும் உண்மைதான். அதை அவள் சொல்வதில்லை.

அம்மா கங்கம்மாவுக்கு அந்த நாற்காலி கண்ணில் படக்கூடாது. "அத்தப் பாத்தாலே கை தானா ஒரு டம்ளர் காப்பி சேத்து ஆத்துது. தூக்கிப் போட்டுத் தொலைடி" என்பாள். "அளவுக்கு வேணும்மா" என்பாள் மகள். தொழில் விஷயம் என்றால் கங்கம்மா வாயைத் திறக்கமாட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அன்புராஜ் வந்திருந்தான். தங்கையின் லிங்க்கை அவனும் ஒருநாள் திறந்து பார்த்தான். அதுவும் அன்றைக்குப் பார்த்து.

"ஏய் நந்து, புது வெர்ஷன் வந்துகிது பாரு! தானா அளவெடுத்துக்குதாம். இனிமே பக்கத்துல எத்தயும் வெக்க வாணாம்."

உதவி என்று வந்துவிட்டால் அன்புராஜை மிஞ்ச ஆளில்லை.

தெருவில் காயலான் கடை வண்டி ஸ்பீக்கர் கத்திக்கொண்டு வந்தது. பழைய இரும்பு, பழைய பிளாஸ்டிக்.

"கேட்டுக்கினியா? அப்ப எடுத்துட வேண்டிதான்" என்றாள் கங்கம்மா. "அன்பு, வண்டிய நிறுத்து."

"டெஸ்ட் பண்ணாம எப்டிம்மா நம்புறது?"

"பண்ணேன். யாரு வாணான்னா?"

நந்தினி போனை உயர்த்தினாள். கால் நீட்டிச் சாய்ந்துகொள்ளும் ஒரு தோல் நாற்காலியைத் தேர்ந்தெடுத்து, பச்சை நாற்காலிக்குப் பக்கத்தில் இறக்கினாள். டேப்பை எடுத்துப் பச்சை நாற்காலியை அளந்தாள். திரை அதற்குக் காட்டிய உயரத்தோடு ஒப்பிட்டாள். மறுபடி அளந்தாள். ஒரு சென்டிமீட்டர்கூடப் பிசகவில்லை. அவள் இதுவரை பார்த்ததிலேயே ஒழுங்காக வேலை செய்த வெர்ஷன் அதுதான்.

"இன்னா, கரீட்டா கீதா?" என்றான் அன்புராஜ், வாசலில் வண்டிக்குக் கை காட்டியபடி.

நந்தினி டேப்பைக் கீழே வைத்தாள். போய் அந்தப் பச்சை நாற்காலியில் உட்கார்ந்தாள். கார்த்திகைக்குப் பிறகு அதில் யாரும் உட்கார்ந்ததில்லை.

"இன்னாடி இது?" என்றாள் கங்கம்மா.

"கஸ்டமர் லைன்ல கீறாங்கம்மா. இரு."

போன் மணி அடித்திருக்கவே இல்லை. வாசலில் அன்புராஜ் காட்டிய கையை இறக்கிக்கொண்டான்; வண்டி நிற்காமல் நகர்ந்தது. இடது கை கைப்பிடியில் கம்பித் தையலைப் பொத்திக்கொண்டிருந்தது. வலது கை விரல், திரையில் அந்தத் தோல் நாற்காலியைத் திருப்பிக்கொண்டே இருந்தது, வண்டியின் குரல் தெருமுனையைத் தாண்டும்வரை.