கிளிப்பச்சைக் காரின் பின்பலகை

நேற்று லஸ் முனை பெட்ரோல் பங்கில் ஒருவருடைய பைக்கில் டாங்க் நிரம்பி வழிந்துவிட்டது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் நன்றாக இழுத்து முகர்ந்தேன். பக்கத்திலிருந்த பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். என்ன செய்வது, என் சின்ன வயது முழுக்க அந்த வாசனையில்தான் இருக்கிறது.

அப்பாவிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டு கதவு, இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது. பணக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனியின் வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குத் திரும்பும்போது, ஓடாமல் கிடந்ததை அப்பா தலையில் கட்டிவிட்டுப் போனார். அப்பா அதை ஓட வைத்தார். அண்ணனும் நானும் பிறந்த பிறகு, சீட்டுக்குப் பின்னால் பெட்டி வைக்கிற இடத்தில் ஒரு பலகையை அடித்து, பழைய சோபாவின் ரெக்சினைச் சுற்றினார். வாசல் கேட்டுக்கு வாங்கிய பச்சை பெயிண்ட் மிச்சமிருந்தது. அதுவும் காருக்கே போயிற்று. மயிலாப்பூர் மாட வீதியில் எங்களுக்கு 'கிளி வண்டிக்காரா' என்றே பெயர்.

ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போவோம். வெயிலில் ரெக்சின் தொடையில் ஒட்டிக்கொள்ளும். இறங்கும்போது பிளாஸ்திரி பிரிக்கிற சத்தம் வரும்.

அப்பா போன பிறகு கார் பல வருடம் ஷெட்டில் கிடந்தது. ரிட்டயரான கையோடு அண்ணன் அதை எடுத்தான். ஃபாக்டரியிலிருந்து வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ, அப்படியே ஆக்கப் போகிறானாம். நானும் வேடிக்கை பார்க்கத் திருவான்மியூர் பட்டறைக்குப் போனேன். பச்சையைச் சுரண்டச் சுரண்ட அடியிலிருந்து வெள்ளை வந்தது. மெக்கானிக் பின்பலகையைத் தட்டிப் பார்த்து, "அக்கா, இத்த இன்னா பண்றது? கயட்டிடட்டுமா?" என்றார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். "அது மட்டும் இருக்கட்டுமேண்ணா."

"ஒரிஜினல்ல அது கிடையாதுடி. ஒரு ஆணிகூட வெளி ஆணியா இருக்கப்படாது."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அப்பாவுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்து அவன் கண் கலங்கி நிற்கிறான். ஒரு வகுப்பையே கண்ணால் அடக்கிய டீச்சர் நான். அவன் கண்ணைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன். பலகையையாவது வீட்டுக்கு எடுத்துப்போகலாமென்று கை வைத்தேன். கரையான் அரித்திருந்தது. பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது.

கார் தயாராகி வந்த அன்று பார்க்கக் கண் கூசியது. அண்ணன் முதல் சவாரிக்கு அம்மாவை ஏற்றினான். அம்மா உட்கார்ந்தவள் திரும்பி, வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"அவ எங்கடா உக்காந்துப்பா?"

"ரெண்டு சீட்டுதாம்மா. அவ அடுத்த ரவுண்டு வரட்டும்."

அம்மா இறங்குவதற்காகக் கதவைத் தடவினாள். புதுப் பிடி அவளுக்குப் பிடிபடவில்லை. அண்ணன் கவனிக்காமல் கிளம்பிவிட்டான். வீதி முனை திரும்பும்வரை அம்மா என்னையே பார்த்துக்கொண்டு போனாள். நான் கையை ஆட்டினேன். வேறென்ன செய்ய?

இப்போது அம்மா இல்லை. மாட வீதி வீடும் ஃபிளாட்டாகிவிட்டது. கார் மட்டும் அண்ணனின் அடையாறு வீட்டில், உறைக்குள், ஒரு கீறல் இல்லாமல் நிற்கிறது. ஃபாக்டரியிலிருந்து வெளியே வந்த அன்று இருந்தது போலவேதான். அன்று அதற்கு எங்கள் யாரையும் தெரியாது.